எலுமிச்சைக்குச் சொட்டு நீர்

வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை உதித்துவிட்டால் வீட்டில் ஒருத்தருக்கும் நிம்மதி கிடையாது. இந்த முறை உதித்தது சொட்டு நீர். "குடம் குடமா கொட்டுறதெல்லாம் காட்டுமிராண்டித்தனம்" என்று அறிவித்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ஆளுயரம் நின்ற எலுமிச்சையைச் சுற்றிக் கறுப்புக் குழாயை வளைத்தார். மண்ணின் ஈரத்தைக் காட்டும் மீட்டர் ஒன்றைச் செருகினார். இனி வாளியோடு யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாதென்று உத்தரவு வேறு.

அவர் மனைவிக்கு இது பொறுக்கவில்லை. கல்யாணமாகி வந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அவள் வைத்த அந்த மரம் ஒன்றுதான். மற்றதெல்லாம் மாமியாருடையது, கரண்டி உட்பட. இத்தனை வருஷம் முள்ளை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தது இப்போதுதான் பிஞ்சு விட்டிருக்கிறது. இந்த நேரத்திலா பட்டினி போடுவது? குனிந்து பார்த்தாள். ஒரு சொட்டு. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. அடப்பாவி மனுஷா, கண்ணுக்கு மருந்து விடுகிறவன்கூட இதைவிடத் தாராளமாக விடுவானே!

அவர் ஆபீஸ் கிளம்பியதும் ஒரு வாளி ஊற்றினாள்.

சாயங்காலம் மீட்டரைப் பார்த்து அவர் துள்ளினார். "பார்த்தியா? நாலு சொட்டுக்கே மண்ணு எப்படி ஈரமா இருக்கு! இன்னும் குறைக்கலாம்."

குறைத்தார். அவர் குறைக்கக் குறைக்க அவள் கூட்டினாள். கடைசியில் குழாயை அடியோடு மூடியும் ஈரம் இறங்கவில்லை. அக்கம்பக்கமே வந்து பார்த்து வாயைப் பிளந்தது. தண்ணீரே விடாமல் மரம் வளர்ப்பது பற்றி மரத்தடியிலேயே பேசச் சொல்லித் தெருச் சங்கத்தில் கேட்டார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

இலைதான் மஞ்சளானது. பிஞ்சுகள் உதிர்ந்தன. ஐயோ, தாகம் தாங்கவில்லையே என்று அவள் இரண்டாவது வாளியும் சுமந்தாள்.

கூட்டத்தன்று, ஆட்கள் வருவதற்குள் ஊற்றிவிடலாமென்று விடிந்ததும் போனவள் திக்கென்று நின்றாள். மரத்தடியில் மாமியார், இடுப்பில் குடம்.

"என்னடி முழிக்கிற? அவன் பைத்தியத்துக்கு மரம் சாகணுமா? தினம் நான்தானே ஊத்துறேன்."

அதற்குள் குளியலறைப் பக்கமிருந்து இன்னொரு வாளி தளும்பிக்கொண்டு வந்தது. தூக்கி வந்தவர் சாட்சாத் சொட்டு நீர் மேதை. இருவரையும் பார்த்து அசடு வழிந்தார். "இல்ல, நாலு பேர் வர்ற இடம். கொஞ்சம் பச்சையா இருக்கட்டுமேன்னுதான் ரெண்டு நாளா..."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே மரத்தில் கையை ஊன்றினாள். மரம் சாய்ந்தது. சத்தம்கூட இல்லை, சேற்றிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. வேரெல்லாம் கறுத்து அழுகி, நாற்றம் குடலைப் பிடுங்கியது. அவள் சேற்றிலேயே உட்கார்ந்து, மரத்தை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள்.

மாமியார் ஒரு மஞ்சள் இலையைக் கிள்ளிப் பார்த்தார். மகன் பக்கம் திரும்பினார்.

"நான் அப்பவே சொன்னேன்ல? தண்ணி பத்தலை!"