பெருமைமிகு மாணவி தேறவில்லை

பள்ளி வாசலில் அந்தப் பெண்ணின் முகம் ஆளுயரப் பேனரில் தொங்கியது. கீழே ‘எங்கள் பெருமை’ என்று கொட்டை எழுத்து. அந்தப் பள்ளியில் உச்சச் சிறப்பு, உயர் சிறப்பு, சிறப்பு, ஊக்கச் சிறப்பு என்று வகைவகையாகப் பதக்கம் உண்டு. ஒன்றும் வாங்காத பிள்ளையை விளக்கு வைத்துத் தேட வேண்டும். அவளுக்கு உச்சச் சிறப்பு. கணக்கில் எப்போதும் நூறு வாங்குவதால் அவள் பெயரே ‘நூறு’ ஆகிவிட்டிருந்தது.

பட்டமளிப்புக்கு முந்தின நாள் தலைமை ஆசிரியர் அவளையும் அம்மாவையும் வரவழைத்து, உட்காரச் சொன்னார்.

“சின்ன சிக்கல்மா. பள்ளிப் படிப்பை முடிக்கணும்னா உடற்பயிற்சி கட்டாயப் பாடம். பாப்பா ரெண்டு வருஷமா மைதானத்துப் பக்கமே வரல.”

நூறு, ஓரமாக நின்ற கணக்கு ஆசிரியரைப் பார்த்தாள். உடற்பயிற்சி வகுப்புக்கு மணியடித்தால் போதும், வகுப்பறை வாசலில் வந்து நிற்பார். “ஓடி என்னத்த சாதிக்கப் போற? வா, ரெண்டு கணக்கு போடலாம். வருகையெல்லாம் நான் பாத்துக்கறேன்.” அவள் போட்டிகளில் வென்ற கேடயங்களைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டவரும் அவரே.

“சார், நீங்கதானே…”

“நீயும் ஆசையாத்தானேம்மா வந்த?” அவர் ஜன்னலைப் பார்த்தார். “நான் என்ன கையப் பிடிச்சா இழுத்தேன்?”

அவர் போட்ட கணக்கில் இதுவரை ஒருமுறைகூட அவள் ஏமாந்ததில்லை.

“அப்ப காலேஜ் சீட்டு?” என்றாள் அம்மா.

“சான்றிதழ் இல்லாம எப்படிம்மா? அடுத்த வருஷம் பாத்துக்கலாம். ஆனா நாளைக்கு விழாவுக்கு வந்துடணும். பதக்கம் உண்டு, நன்றியுரையும் பாப்பாதான். சான்றிதழ் உறை மட்டும் காலியா இருக்கும். யாருக்குத் தெரியப் போவுது?”

“தேறாதவளுக்குப் பதக்கமா சார்?”

“தேர்ச்சிய ஒரு குழு பாக்குது, சிறப்ப இன்னொரு குழு பாக்குது. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.”

நூறு எழுந்தாள். “நான் வரல சார். பதக்கத்த வாசல்ல தொங்கற அந்தப் படத்துக்கே மாட்டிடுங்க.”

கோபத்தில் சொன்னதை அவர்கள் யோசனையாக எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் பேனர் மேடையேறியது. அதன் மூலையில் பதக்கத்தை மாட்டி, “மாணவி வெளியூர்ப் போட்டிக்குப் போயிருக்கிறார்” என்று தலைமை ஆசிரியர் அறிவிக்க, கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

கல்லூரி இடம் வேறு யாருக்கோ போனது. புதிய கல்வியாண்டில், தோழிகள் கல்லூரிக்குப் பேருந்து ஏறும் நேரத்தில், நூறு தன் தோளுயரம்கூட இல்லாத பிள்ளைகளோடு மைதானத்தைச் சுற்றி ஓடினாள். விழா முடிந்து வாசலுக்கே திரும்பிய பேனர், வெயிலில் வெளுத்தும் அங்கிருந்து இறங்கவில்லை.

ஒருநாள் கணக்கு ஆசிரியர் மைதான ஓரம் வந்து ஒரு சிறுமியை நிறுத்தினார்.

“ஓடி என்னத்த சாதிக்கப் போற? அந்த அக்கா மாதிரி வர வேணாமா?” என்று பேனரைக் காட்டினார்.

அப்போது பார்த்து நூறு மூச்சிரைக்க ஓடிவந்தாள். சிறுமி இரண்டு முகங்களையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“எந்த அக்கா சார்? தொங்கறவங்களா, ஓடறவங்களா?”

ஆசிரியர் வாயைத் திறப்பதற்குள் நூறு சிறுமியின் கையைப் பிடித்தாள்.

“வா பாப்பா. கணக்கு எங்கயும் ஓடிப்போயிடாது.”

இழுத்துக்கொண்டு ஓடினாள்.