மாமா மூச்சை அடக்கிய இடங்கள்

இதெல்லாம் எனக்குச் சரியாகத்தான் ஞாபகம் இருக்கிறதா என்பது சந்தேகம். அக்காவிடம் கேட்டால் நான் சொல்வதில் பாதி கப்ஸா என்பாள். மாமாவிடம் கேட்டால் மீதிப் பாதியும் கப்ஸா என்பார்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், போலீஸ் நாய்ப் பிரிவில் நாயை நடத்தும் ஹேண்ட்லர். நானும் அங்கேதான். அவருடைய நாயை எல்லோரும் டீச்சர் என்று கூப்பிடுவோம். யார் உள்ளே வந்தாலும் தாமதமாக வந்த மாணவனைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பாள். போதைப்பொருள் இருக்கும் இடத்தில் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். அதுதான் அவள் வேலை.

அந்த வருஷத் தேர்வில் அவள் ஒரு மேஜை முன்னால் போய்க் கம்பீரமாக உட்கார்ந்தாள். மேஜையில் ஒன்றும் இல்லை. அந்த அறையிலேயே ஒன்றும் இல்லை. ஏமாறுகிறார்களா என்று பார்ப்பதற்காகவே காலியாக வைத்திருந்த அறை அது.

இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் டீச்சரை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள், மாமாவுக்கு அலுவலக நாற்காலி. என் நாய்க்கு வயதாகிவிட்டதால், அந்த வேறு ஆள் நான்தான் என்று நாய்க்கூண்டுப் பக்கம் பேச்சு.

“இப்பவே அவகிட்ட நல்ல பேரு வாங்கிக்கோ மாப்பிள்ளை,” என்றார் மாமா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று ராத்திரி வீட்டில் சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளி வைத்தார். டீச்சர் அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தாள். அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் வீட்டிலேயே பயிற்சி. நான் அப்போது அவர்களோடுதான் தங்கியிருந்தேன். பயிற்சிக்கான, போதைப்பொருள் வாசனை ஏற்றிய துணியை ஒளித்துவைப்பது அக்காவின் பொறுப்பு.

“எங்க வச்சிருக்க?” என்றார் மாமா.

“சொன்னா அப்புறம் எதுக்கு நாய்? பீரோவுக்குள்ள.”

டீச்சர் கூடத்தைச் சுற்றினாள், கட்டிலடியில் மூக்கை விட்டாள், பீரோவிடம் வந்தாள், உட்கார்ந்தாள். மாமாவின் முகம் மலர்ந்தது. அக்கா பீரோவைத் திறந்தாள். துணிமணிகள் தவிர ஒன்றுமில்லை.

“துணி வெளிய ஜீப்லயே கிடக்கு,” என்றாள் அக்கா. “நீங்க பீரோகிட்ட வந்ததும் மூச்சை அடக்கிட்டு நின்னீங்க. அவ பீரோவை எங்க மோந்தா? உங்களைத்தான் மோந்தா.”

“நானா? மூச்சையா?”

“கல்யாணம் ஆனதுலேருந்து நான் அப்படித்தானே கண்டுபிடிக்கிறேன். சிகரெட் பாக்கெட்டை ஒளிச்சுவச்ச இடத்துக்கிட்ட நான் போனா உங்களுக்கு மூச்சே வராது.”

நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. இத்தனை நாளும் அந்த நாய் தன்னை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதை அவர் மெதுவாக விழுங்கிக்கொண்டிருந்தார்.

“இப்ப என்னடி பண்றது?”

“பேசிட்டே போங்க. பேசுறவங்களால மூச்சை அடக்க முடியாது.”

“என்னத்தைப் பேச?”

“வீட்டுல வாயைத் திறந்தா என் தம்பியைப் பத்தித்தானே பேசுவீங்க? அதையே பேசுங்க.”

மறுதேர்வு மூன்று அறைகளில் நடந்தது. தேர்வாளர் அம்மா கூடவே போனார். அடுத்தது என் முறை என்பதால் நான் வராந்தாவில் என் கிழநாயோடு நின்றேன். கதவுகள் திறந்தே இருந்தன.

“வாடி டீச்சர், இந்தப் பக்கம். என் மச்சினன் கதையைக் கேளு. குளிச்சிட்டு ஈரத்துண்டை என் கட்டில்லதான் போடுவான். பற்பசையைத் திறப்பான், மூட மாட்டான். ஒரு பொண்ணைப் பாக்கப் போறப்ப என் சட்டையைப் போட்டுட்டுப் போனான். பொண்ணு வேண்டாம்னு போயிடுச்சு. என் சட்டை என்னடி பாவம் பண்ணுச்சு?”

முதல் அறையில் சுவரோரப் பெட்டியில் பொருளைக் கண்டுபிடித்தாள். இரண்டாவது அறையில் திரை போட்ட அலமாரி ஒன்று இருந்தது. பார்த்தாலே சந்தேகம் வரும். மாமாவின் பேச்சு இழுபட்டது, தேய்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, எனக்கு இன்னும் நாலு குறை இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

“அப்புறம்... அப்புறம் அவன் குறட்டை!” என்றார் மாமா. மூச்சு திரும்பியது. டீச்சர் அலமாரியைக் கடந்து போனாள். அது காலி அறை.

மூன்றாவது அறையில் தேர்வாளர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மாமா குறட்டையை விரிவாக விளக்கிக்கொண்டிருந்தபோது, டீச்சர் நேராகப் போய் அந்த அம்மாவின் முன்னால் உட்கார்ந்தாள்.

“மேடத்துக்குச் சலாம் போட்டது போதும், வா.” வாரை லேசாக இழுத்தார். அவள் அசையவில்லை. இன்னொருமுறை இழுத்தார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் மாமாவின் மூச்சு நின்றது. அவள் உட்கார்ந்த பிறகு. காலி நாற்காலியாக இருந்தாலாவது பரவாயில்லை. தவறினால் தேர்வாளரையே எழுப்பியவர் என்ற பெயரும் சேரும்.

“மேடம், கொஞ்சம் எழுந்திரிங்க,” என்றார். “இங்கதான் இருக்கு. இவ சொல்றா.”

நாற்காலியின் அடியில் ஒரு சின்னப் பை ஒட்டியிருந்தது.

அந்த அம்மா வராந்தாவுக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஈரத்துண்டு நீங்கதானா?” என்றார்.

டீச்சர் மாமாவோடேயே வேலை பார்த்து ஓய்வுபெற்றாள். பிறகு அவர்கள் வீட்டில் இறந்தாள். மாமா அடுத்து வந்த நாயோடும் பேசிக்கொண்டேதான் வேலை செய்தார், இப்போது அவரும் ஓய்வில் இருக்கிறார். தேர்வாளர் அம்மா மாற்றலாகிப் போய்விட்டார். அக்கா சௌக்கியம். என் கிழநாய் அடுத்த வருஷமே போய்விட்டது. எனக்கு ஒரு குட்டியைக் கொடுத்தார்கள். நான் தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டேன்.