ஜெசிந்தாவின் மூன்றாவது கிறிஸ்துமஸ்

பால் டின்னுக்குள் விரித்த ஈரப் பஞ்சின்மேல் பச்சைப்பயறைத் தூவிவிட்டு, ஜெசிந்தா அந்த டின்னை முகத்தருகே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போதே முளைத்துவிடும் என்பதுபோல் கண் கொட்டாமல் பார்த்தாள்.

“அப்படி மொறைச்சா பயறு பயந்துரும். கீழ வையி,” என்றாள் பெட்ரிசியா.

“கிறிஸ்துமஸ்க்குள்ள வந்துருமா அத்தே?”

“தண்ணி தெளிச்சிக்கிட்டே வந்தா வந்துரும்லா. குடிலுக்கு முன்னால வச்சா நெசப் புல்லு மாதிரியே இருக்கும். பொம்ம ஆட்டுக்குட்டிய அதுல மேயவிடலாம்.”

பெடாஸ் ஊருக்கு உள்ளே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு அது. பெட்ரிசியாவின் கணவன் எட்மண்ட் தோட்டத்தில் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டினான். கல்யாணமாகிப் பல வருடமாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஜெசிந்தா, எட்மண்டின் தங்கை கேரலின் மகள். புருஷன் விட்டுப் போன பிறகு கேரல் ஜொகூர் பாருவில் ஒரு ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தாள். தங்கியது பெண்கள் ஹாஸ்டலில். அங்கே பிள்ளையை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். “ஒரு வீடு பாக்குற வரைக்கும் அண்ணி,” என்று நாலு வயதுக் குழந்தையைக் கொண்டுவந்து விட்டுப் போனாள். அந்தக் குழந்தை வரும் ஜனவரியில் ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும்.

ஜெசிந்தா வருவதற்கு முன்பு அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் கடையில் வாங்கிய ஒரு பிளாஸ்டிக் நட்சத்திரம், பூசை முடிந்து வந்து ஒரு கோழிக்கறி, அவ்வளவுதான். பிள்ளை வந்த பிறகு டிசம்பர் பிறந்தால் பெட்ரிசியாவின் கை சும்மா இருப்பதில்லை. சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள்களை நறுக்கி, வளையம் வளையமாக ஒட்டிச் சங்கிலி செய்வார்கள். முட்டை அட்டையை வெட்டிச் சாயம் பூசிப் பூ செய்வார்கள். தோட்டத்து ஓரம் மிஞ்சி நின்ற ரப்பர் பால்மரங்களின் அடியில் கொட்டை பொறுக்கி வந்து, தங்க நிறம் அடித்து, நூலில் கோத்து ஜன்னலில் தொங்கவிடுவார்கள். ஒட்டின பசை பிள்ளையின் தலைமுடியிலும் இருக்கும், பெட்ரிசியாவின் கைலியிலும் இருக்கும்.

பயறு முளைவிட்ட அன்று கேரல் போன் செய்தாள். ஃபிளாட் கிடைத்துவிட்டது. பக்கத்திலேயே தமிழ்ப்பள்ளி. பெருநாளுக்கு வந்து, முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். சொல்லும்போதே அழுதாள்.

“நல்லதும்மா. ரொம்ப நல்லது,” என்றாள் பெட்ரிசியா. போனை வைத்ததும் அடுப்படிக்குப் போய், கழுவி வைத்திருந்த தட்டுகளையே எடுத்து மறுபடி கழுவினாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஜோடனை நின்றபாடில்லை. காகிதச் சங்கிலி வாசலைத் தாண்டி, கூடத்தைச் சுற்றி, அடுப்படிவரை வந்தது.

“போதாதா பேட்?” என்றான் எட்மண்ட்.

“புள்ள ஆசப்படுறா.”

ஆசைப்பட்டது பிள்ளை இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

கேரல் வந்த அன்று எட்மண்ட் சிரம்பான் பஸ் நிலையத்துக்குப் போய் அவளைக் காரில் அழைத்து வந்தான். அவள் கையில் ஒரு பெரிய பெட்டி. உள்ளே விளக்கு வைத்த பிளாஸ்டிக் மரம். “அம்மா என்னா வாங்கியாந்துருக்கேன் பாரு,” என்று மண்டியிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். ஜெசிந்தா பெட்ரிசியாவின் கைலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். போனில் வரும் முகத்தைப் பிள்ளை எப்போதும் ‘கேரல் அம்மா’ என்றுதான் கூப்பிடும். இப்போது அப்படிக்கூடக் கூப்பிடவில்லை.

“நாங்க சொந்தமா செய்வோம். கடையில வாங்க மாட்டோம்,” என்றாள், அத்தையின் இடுப்போரமிருந்து எட்டிப் பார்த்து.

கேரல் சிரித்தாள். பெட்டியை மெதுவாகச் சுவரோரம் தள்ளி வைத்தாள். பெட்ரிசியாவின் நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. இனித்தது என்று தெரிந்ததும் அவளுக்கே தன்மேல் கூச்சமாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் கேரல் ஊட்டப் போனபோது பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டது. கேரல் கை கழுவப் போனவள் வெகு நேரம் திரும்பவில்லை. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மதியம் நட்சத்திரம் கட்ட வேண்டும். எட்மண்ட் மூங்கில் சீவிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தான். கூடத்தில் குச்சிகளும் நூலும் சிவப்புக் கண்ணாடித் தாளும் பரப்பிக் கிடந்தன. நட்சத்திரத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முனையைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும், மற்றவர் கட்ட வேண்டும். ஜெசிந்தா நூலை எடுத்துக்கொண்டு அத்தையின் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். கேரல் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், விருந்துக்கு வந்தவள் மாதிரி.

பெட்ரிசியா இரண்டு குச்சிகளைச் சேர்த்துப் பிடித்தாள். பிறகு கீழே வைத்தாள்.

“முறுக்கு மாவு அப்படியே கெடக்கு. கேரல், நீ வந்து புடியேன்.”

“வேணாம், அத்தைதான் புடிக்கணும்!”

“அத்தைக்கு வேல இருக்கு கண்ணு.”

“அப்ப நா சும்மா ஒக்காந்துருப்பேன். கட்ட மாட்டேன்.”

பெட்ரிசியா எழுந்து பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். முறுக்கு மாவு ஒன்றும் கிடக்கவில்லை. துணி காயும் கயிற்றுக்குப் பக்கத்தில், ஜன்னலுக்கு அடியில் நின்றாள். ‘அத்தே’ என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தால் ஓடிப் போய்விடலாம். அந்தக் குரலுக்காக அவள் உடம்பெல்லாம் காதாக நின்றாள்.

“இது எப்படிடா கட்டுறது? அம்மாவுக்குத் தெரியலயே,” என்றாள் கேரல்.

கேரல் குச்சிகளை எடுத்துப் பொருத்தும் சத்தம் கேட்டது.

“இப்படியா?”

பிறகு குச்சி சரிந்து விழும் சத்தம். அதன்பின் ஜெசிந்தாவின் சிரிப்பு.

“ஐயோ, இது ஸ்டார் இல்ல, நண்டு! ஒரு காலு நீட்டமா இருக்கு!”

“நண்டுதான். இதையே வாசல்ல தொங்கவிட்டுருவமா?”

“ஃபாதர் திட்டுவாரு!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். வானம் இருட்டி, செம்பனை ஓலைகள்மேல் தூறல் இறங்கும் சத்தம் தூரத்திலிருந்து நெருங்கி வந்தது. அதற்கிடையில் உள்ளிருந்து பிள்ளை அதிகாரமாகச் சொல்வது கேட்டது: “அம்மா, நல்லா அமுக்கிப் புடி. விட்டுறாத.”

வெறும் அம்மா. ‘கேரல்’ என்ற பெயர் முன்னால் இல்லை.

பெட்ரிசியா கயிற்றில் கிடந்த பிள்ளையின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். நின்று நிதானமாக மடித்தாள். மழை வலுத்து, மடித்த துணியெல்லாம் நனைந்தது. எட்மண்டின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றபோதும் அவள் அங்கேயே இருந்தாள்.

“ஏன் மழையில நிக்கிற? உள்ள வா,” என்றான்.

“இப்ப போவக் கூடாதுங்க. இன்னும் தாளு ஒட்டி முடிக்கல.”

அவன் ஜன்னலைப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டிவிட்டு, அவளைக் கூரைத் தகரத்தின் அடிக்கு நகர்த்தி, தானும் பக்கத்தில் ஒண்டிக்கொண்டான்.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் நன்றாகவே நடந்தது. பெருநாள் முடிந்து அவர்கள் கிளம்பிய அன்று நால்வரும் சிரம்பான் பஸ் நிலையம் வந்தார்கள். ஏறும்போது ஜெசிந்தா அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெட்ரிசியா அழவில்லை. “ஸ்கூலு லீவுக்கு வந்துருவல்ல?” என்றாள். கேரல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணி...” என்றாள்.

பஸ் நகரும்போது பிள்ளை ஜன்னலோரம் இருந்தாள். ஆனால் முகம் அம்மா பக்கம் திரும்பியிருந்தது. விரலை மடக்கி விரித்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். புது வீட்டில் எதை எங்கே மாட்டுவது என்றுதான் இருக்கும். கையசைக்க மறந்துபோனாள். பெட்ரிசியா தூக்கிய கையோடு பஸ் வளைவில் மறையும்வரை நின்றாள்.

திரும்பும் வழியில் பெடாஸ் வந்தது. தோட்டத்துக்குத் திரும்பும் முச்சந்தியில் எட்மண்ட் சிக்னல் போட்டான்.

“இப்ப வீட்டுக்கு வேணாங்க,” என்றாள் பெட்ரிசியா. “இன்னும் கொஞ்ச தூரம் போங்க.”

அவன் சிக்னலை அணைத்துவிட்டு, தம்பின் ஊருக்குப் போகும் சாலையில் நேராக ஓட்டினான்.