முன்சீட்டு ஆட்டம்

இதில் வருவது அத்தனையும் உண்மை. பரமசிவன் கோயில் வாசலில் சூடம் ஏற்றி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணலாம். ஒரு சொல் கூட்டியதில்லை. குறைத்ததுதான் உண்டு, நம்ப மாட்டார்களே என்று.

விடியக்காலம் சிலமலையில் கிளம்பி, போடியில் மீதி ஆளை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் சுருளியின் ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்தில் இருப்பது ஒரே சீட்டு. பின்னால் ஏறுகிறவர்களை எண்ணக் கூடாது. எண்ணினால் போலீசுக்கே மனசு கஷ்டப்படும். அந்த முன்சீட்டில் தோட்டத்து சூப்பர்வைசர் லிங்கேஸ்வரன்தான் காலங்காலமாக உட்கார்ந்து வந்தான். பதவிக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். காரணம் வேறு. பின்னால் உட்கார்ந்தால் மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே குடல் அவன் வாய்க்கு வந்துவிடும். முன்சீட்டில்கூட, பைக்குள் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து யாருக்கும் தெரியாமல் மோந்துகொண்டுதான் போவான். பழுத்த காயை ஏன் செடியிலேயே விட்டாய் என்று நாளெல்லாம் அதட்டுகிற ஆள், அதட்டு வாங்குகிறவர்கள் முன்னால் கவரைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தால் மறுநாள் எவள் மதிப்பாள்?

பின்னால் ஏறுகிற அன்னக்கொடி ரூபத்தில் வினை வந்தது. மூட்டுவலிக்காரியான தனக்குத்தான் முன்சீட்டு என்று ஒருநாள் ஜீப்பை மறித்து நின்றுவிட்டாள். அவள் வாயோடு மல்லுக்கட்டி மீண்டவர் இல்லை. லிங்கேஸ்வரன் யோசித்து, அந்த ஜீப்பில் தனக்கு மட்டுமே தெரிந்த வித்தையைப் பந்தயமாக வைத்தான்.

"போன்ல செஸ்ஸு ஆடுவோம். திங்கக்கெழம என்னைய யாரு ஜெயிக்கிறாகளோ, அந்த வாரம் முன்சீட்டு அவுகளுக்கு."

சுருளி நடுவர். ஜீப்பு முழுக்க ஆட்டம் பழகியது. முன்னால் இருக்கிறவன் தட்டிவிட்ட குதிரை ஆகாசத்தில் ஏறி, எந்தச் சீமையையோ சுற்றி, நாலடி பின்னால் இருக்கிறவள் போனில் வந்து இறங்கும். எல்லோரும் தோற்றார்கள். அதிலும் காய் பறிக்கிற சந்திரவல்லி தோற்றதைப் பார்த்தால் கல்லும் கரையும். ஒரு தடவை அவளுடைய ராஜா வெட்கம் தாங்காமல் தானாகவே பலகையை விட்டு இறங்கிப் போய்விட்டது.

அப்பேர்ப்பட்டவள், மழை ஓய்ந்த ஒரு திங்கட்கிழமை அவனை ஜெயித்தாள். அடுத்த திங்கட்கிழமையும், அதற்கடுத்த திங்கட்கிழமைகளிலும் ஜெயித்தாள்.

பின்னால் ஏறிய லிங்கேஸ்வரன் வாயை இறுக மூடி, பழத்தை மூக்கோடு அழுத்திக் கைக்குட்டையால் மறைத்தபடி போனான். கோபத்தில் வருகிறான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவன் வளைவுக்கொரு சந்தேகமாகச் சேர்த்துக்கொண்டிருந்தான். இது களவு. இல்லாவிட்டால் எப்படி?

அவள் காதில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. உள்ளே ஒரு மெஷின் சொல்லித் தருகிறதோ என்று நெருங்கிப் பார்த்தான். குளிருக்கு வைத்த பஞ்சு. அந்தப் பஞ்சுக்குள் என்ன இருக்கும் என்று அன்றைக்கெல்லாம் யோசித்தான். மறுநாள் தோட்டத்தில் ஏலச்செடித் தூருக்குப் பின்னால் ஒளிந்து கேட்டான். சந்திரவல்லி காயைக் கிள்ளியபடியே முணுமுணுத்தாள்.

"இங்கன குதிரையக் கொண்டாந்திருக்கக் கூடாது. மந்திரிய விட்ருக்கணும்."

ஏதோ ரகசியப் பாஷை என்று தீர்மானித்து வெளியே வந்தான்.

"யாருகிட்ட பேசுற?"

"என்கிட்டத்தாண்ணே. தோத்த ஆட்டத்தத் திருப்பிப் பாக்குறேன். தெனம் ஒண்ணு பாத்துருவேன்."

"தோத்தத எவனாச்சும் திரும்பப் போயிப் பாப்பானா?"

"ஒரு செடிக்கு ஒரு தடவையாண்ணே போறோம்? போன சுத்துல கைக்குத் தப்புன காய அடுத்த சுத்துல எடுக்குறோம்ல. நீங்கதான அதுக்கு வையிறீக."

பதில் சரியாக இருந்தது. சரியாக இருந்ததுதான் அவனுக்கு இடித்தது. உண்மை பேசுகிறவர்கள் இவ்வளவு தயாராகப் பதில் வைத்திருக்க மாட்டார்கள்.

ஆதாரத்தைப் பிடித்தே தீருவது என்று, அவளிடம் தோற்ற ஆட்டங்களைத் தன் போனில் ஒவ்வொன்றாகத் திறந்தான். போனுக்குள் இருக்கிற மெஷின் ஒவ்வொரு நகர்த்தலையும் எடைபோட்டு, தப்புக்குச் சிவப்பில் கேள்விக்குறி போட்டது. எல்லாம் அவன் பக்கமே விழுந்தன. மெஷினும் அவளுக்குச் சொந்தமோ என்று நினைத்தான். ஆட்டம் தொடங்கியதுமே ராணியை முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிற இடத்தில், எல்லா ஆட்டத்திலும், ரெட்டைக் கேள்விக்குறி. ராணி முன்னால் உட்காராமல் பின்னாலா உட்காருவாள் என்று மெஷினோடு சண்டை போட்டான். அது பதில் பேசாமல் அதே சிவப்பைக் காட்டியது.

விடுவானா? காலையில் கஞ்சிக்கு முன்னால் ஒரு ஆட்டம், சாயங்காலம் காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் ஒரு ஆட்டம். அவள் களவாடிய இடம் எது என்று தேடித் தேடி, அந்த இடத்தில் தான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது அவனுக்குப் பாடமாகிவிட்டது. குரங்கணிப் பக்கமிருந்து கருமந்தி ஒன்று வந்து தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து கவனிக்கும்; ராணியைத் தொட விரல் போனால் உறுமும். எந்த நாட்டுக்காரனோ ஒருவன் இவனிடம் தொடர்ந்து தோற்று, இனி டீயில் ஏலக்காயே போடுவதில்லை என்று சபதம் எடுத்தான்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, போடியில் ஜீப்பு ஆளுக்காக நிற்கும்போதே சந்திரவல்லியை ஜெயித்துவிட்டான்.

"மாப்ளே," என்றாள் அன்னக்கொடி, "காதக் காட்டு."

"என்னத்தே, என்னையவா சந்தேகப்படுறீக?"

"இம்புட்டு நாளாத் தோத்தவன் திடுக்குனு எப்புடி ஜெயிப்ப?"

"தோத்த ஆட்டத்தத் திருப்பிப் பாத்தேன்."

"தோத்தத எவன் திரும்பப் பாப்பான்? பையக் காட்டு."

பையைத் தட்டியதும் எலுமிச்சம்பழம் விழுந்து உருண்டது. ஜீப்பில் இருந்தவர்கள் எல்லோரும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

"மந்திரிச்ச பழம்," என்றாள் அன்னக்கொடி. "எந்தக் கோடாங்கிகிட்ட வாங்குன?"

வாந்திக்கு என்று சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் சீட்டு போகும். லிங்கேஸ்வரன் குனிந்து பழத்தை எடுத்தான்.

சுருளி தீர்ப்புச் சொன்னான். "பழம் எங்கிட்ட இருக்கட்டும். நீங்க பின்னால ஏறுங்கண்ணே. முந்தல் தாண்டி மலையேறுறப்ப சந்திரவல்லியோட இன்னொரு ஆட்டம். அதுலயும் ஜெயிச்சா இனி எப்பவுமே சீட்டு ஒங்களுக்குத்தான். வெரசா ஏறுங்க."

முதல் வளைவில் ஒவ்வொரு சிப்பாயும் இரண்டாகத் தெரிந்தான். மூன்றாவதில் குடல் எழுந்து வந்து தொண்டையில் உட்கார்ந்து அதுவும் ஆட்டம் பார்த்தது. ராணியை அவன் தொடவே இல்லை. மேகம் ஜீப்புக்குள் புகுந்து, அவன் நகர்த்துகிறவரை வெளியேறாமல் காத்து நின்றது. சுருளியும் வளைவில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்தான். பின்னால் நின்ற பஸ்சும் லோடு லாரிகளும் ஹாரன் அடிக்கவில்லை. பஸ்சு கண்டக்டர் இறங்கி வந்து எட்டிப் பார்த்து, "யானைய எறக்குங்க சார்" என்றார். வெளியாள் சொல்லித் தரக் கூடாது என்று அவரை விரட்டிவிட்டார்கள்.

சந்திரவல்லி போனை விட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். ஏலக்காய் விற்கிற ஏல மையத்தில் வைத்தால் முதல் தரத்துக்குப் போகிற பச்சை.

"அண்ணே, ஒடம்புக்கு என்ன செய்யுது?"

ஒன்றுமில்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். குதிரையை வைத்தான். செக்மேட். அடுத்த நொடி ஜீப்பிலிருந்து குதித்து, ஓரத்துக்கு ஓடி, இத்தனை வாரமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் பள்ளத்தில் இறக்கினான்.

வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"இதுக்குத்தானா பழம்?" என்றாள் அன்னக்கொடி. "அட கூறுகெட்ட மாப்ளே, மொதல்லயே சொல்லியிருந்தா சீட்டச் சும்மாவே குடுத்திருப்போம்ல. இந்த எழவெடுத்த குதிரையோட நாங்களும் இம்புட்டு நாளு மாரடிச்சிருக்க வேணாம்."

சுருளி பழத்தைத் துடைத்துக் கொடுத்தான். லிங்கேஸ்வரன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். பின்னாலிருந்து சந்திரவல்லியின் குரல் வந்தது.

"சீட்டு ஒங்களுக்குத்தாண்ணே. ஆனா அந்த ஆட்டத்த நான் திருப்பிப் பாப்பேன். எனக்குச் சந்தேகமா இருக்கு."

இதையும் அதே சூடத்தின் மேல் சத்தியமாகச் சொல்லலாம்: லிங்கேஸ்வரனிடம் அன்றும் இன்றும் இருப்பது செஸ்ஸே ஆட முடியாத பட்டன் போன்.