ரெனான் அழுத காட்சி

மணிலாவில் ரெனான் அல்குவேராவைப் பிடிக்காத வீடு கிடையாது. தொலைக்காட்சித் தொடரில் அவர் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். மீன் சந்தைப் பக்கம் போனால் பெண்கள் அவரிடம் நிஜமாகவே மூட்டுவலிக்கு மருந்து கேட்பார்கள். அந்தத் தொடருக்குக் கதையும் வசனமும் அர்மிடா. ஒலிப்பதிவு நான். பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

அர்மிடாவின் தங்கை லினெட் மணிலாவை ஒட்டிய மரிக்கினாவில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை பார்த்தாள். ஒரு மழை விடியலில் கடை திறக்கப் போனவளை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டுப் போனது. கார் ரெனானுடையது. ஓட்டியது தானே என்று அவருடைய டிரைவர் தோலோ நீதிமன்றத்தில் சொல்லிச் சிறைக்குப் போனான். ஆனால் தெருவில் முட்டை விற்கும் ஒரு கிழவர் அர்மிடாவிடம் வேறு மாதிரி சொன்னார்: "ஸ்டியரிங் பக்கம் இறங்குனது அந்த டிவி டாக்டரும்மா. டிரைவரே வண்டியில இல்ல." சாட்சி சொல்லக் கூப்பிட்டதும் கிழவர் பயந்து சொந்தத் தீவுக்கே போய்விட்டார்.

அர்மிடா காத்திருந்தாள். ரெனானின் தொடருக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போய்ச் சேர்ந்துகொண்டாள். செத்தவளின் பெயரைக்கூட ரெனான் கேட்டு வைத்துக்கொண்டவரில்லை. அதனால் எழுத்தாளர் யாருடைய அக்கா என்று அவருக்குத் தெரியவில்லை.

தொடர் நன்றாகச் சூடு பிடித்த பிறகு, டாக்டர் ஒரு பெண்ணைக் காரில் அடித்துவிட்டுப் பழியை டிரைவர் மேல் போட்டதாகக் கதையைத் திருப்பினாள். டாக்டர் நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"ஊரே இவன் மூஞ்சில காறித் துப்பணும்டா," என்றாள் என்னிடம்.

வசனத்தைப் படித்த ரெனானுக்கு முகம் வெளுத்தது. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். நடித்தார். ஒரே டேக். கூண்டில் நின்று அவர் அழுத அழுகையில் மேக்கப் பெண்ணும் அழுதாள், டைரக்டரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யாரும் காறித் துப்பவில்லை. கோயில்களில் அந்த டாக்டருக்காக ஜெபம் செய்தார்கள். அர்மிடாவின் அம்மாவும் டிவி முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். கிழவர் சொன்ன விஷயம் அம்மாவுக்குத் தெரியாது.

"பாவம்டி அந்தப் புள்ள. இவ்வளவு அழுதவன மன்னிச்சா என்ன?"

அர்மிடா எழுந்து உள்ளே போனாள். அடுத்த வாரம் புதிதாக ஒரு காட்சி எழுதிக்கொண்டு வந்தாள். விபத்து நடந்த அந்த விடியல். டாக்டர் காரிலிருந்து இறங்குகிறார், குற்றுயிராகக் கிடக்கும் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறார், திரும்ப ஏறிப் போகிறார்.

தளத்தில் குழாய் வைத்துச் செயற்கை மழை பெய்ய விட்டிருந்தோம். ரெனானின் சட்டைக்குள் மைக்கைப் பொருத்திப் பதிவை ஓடவிட்டேன். அவர் காருக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"இத நான் பண்ண மாட்டேன்."

"ஏன் சார்?" அர்மிடா குடையோடு முன்னால் வந்தாள்.

"டாக்டர் நல்லவன்மா. அவன் சிரிக்க மாட்டான்."

"அவ கை இன்னும் ஆடிக்கிட்டிருக்கு. அதப் பாத்துட்டும் வண்டியில ஏறிப் போறான். நல்லவனா?"

"பயத்துல போறான். சிரிக்கல."

"சிரிச்சான் சார். சிரிக்காமயா அவ்வளவு சுலபமாப் போயிருப்பான்?"

"சொல்றேன்ல, சிரிக்கல."

"பக்கத்துல இருந்து பாத்தீங்களா?"

"நான் சிரிக்கவே இல்லம்மா. கார்க் கண்ணாடியத்தான் துடைச்சேன். ரத்தம், முன்னால ஒண்ணுமே தெரியல, அதான் துடைச்சேன்."

கதையில் எங்கேயும் டாக்டர் கண்ணாடி துடைப்பது கிடையாது. டைரக்டர் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். மழையை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. ரெனானுக்குத் தான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது போலிருந்தது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அவ பேரு லினெட் சார்," என்றாள் அர்மிடா. "என் தங்கச்சி."

பதிவை அன்றைக்கே அவளிடம் கொடுத்தேன். மறுநாள் ஊரில் எல்லார் போனிலும் ரெனானின் குரல்தான். வழக்கை மறுபடி எடுத்தார்கள். முட்டைக் கிழவரும் திரும்பி வந்து சாட்சி சொன்னார். ரெனான் சிறைக்குப் போனார். அங்கே அவர் தினமும் அழுவதாகச் சொன்னார்கள். இந்த முறை யாரும் ஜெபம் செய்யவில்லை.

பொய் சொன்னதற்காகத் தோலோவையும் பிடித்தார்கள். தண்டனை முடிந்து வெளியே வந்து ஆள் ஏற்றும் ஜீப்னி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். அவன் மனைவி நேனா ஒரு மத்தியானம் அர்மிடாவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நானும் அங்கே இருந்தேன்.

"ஏற்கெனவே ஜெயில்ல கிடந்துட்டு வந்தவரு அவரு, அக்கா. அவர் உங்க தங்கச்சியத் தொடக்கூட இல்ல. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"உன் புருஷன் எங்கம்மா கால்ல விழுந்து அழுதான். செய்யாத கொலைக்கு. அம்மா அவன் தலையத் தடவி மன்னிச்சுட்டேன்னு சொல்லிச்சு. அந்தக் கைய நான் எங்க போய்க் கழுவ?"

"முதலாளி சொல்ற எடத்துல நாங்க வேற என்னக்கா பண்ண முடியும்? வேற வழி இல்ல."

"எனக்கும் இல்ல."

அர்மிடா கதவைச் சாத்தினாள். நேனா கொஞ்ச நேரம் வெயிலிலேயே நின்றுவிட்டுப் போனாள்.

"இவனையாவது விட்டிருக்கலாம்," என்றேன்.

"அந்தக் காட்சி எழுதுறப்பவே தெரியும்டா, இவனும் மாட்டுவான்னு," என்றாள்.

சோற்றையும் கருவாட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தட்டு காலியானதும் மறுபடியும் சோறு போட்டுக்கொண்டாள். லினெட் போன பிறகு அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.