பதினேழாம் முதுகு

மருத்துவ அறைக்கு வெளியே இருந்த மரப்பலகையில் பதினேழக்கா காலை ஒன்பது மணியிலிருந்து காத்திருந்தாள். இரு கைகளையும் மடியின்மேல் மலர்த்தி வைத்திருந்தாள். மூடினால் விரல் மடிப்புகளில் உள்ள வெடிப்புகள் திறந்துகொள்ளும். உள்ளங்கைத் தோல் மெழுகு தடவியதுபோல் மினுமினுத்தது. விரல் நுனிகளில் ரேகை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்த வாசனைத் தொழிற்சாலையின் கலவைக்கூடத்தில் அவள் இருபத்து நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறாள். சோப்புக்கும் ஷாம்புக்கும் மணம் கொடுக்கும் திரவங்களை டிரம்களிலிருந்து அளந்து ஊற்றுவது அவள் பணி. கையுறை கொடுத்திருந்தார்கள். அரைமணி நேரத்தில் அது நொளநொளத்து, உள்ளே இருக்கும் விரலும் மணக்கத் தொடங்கிவிடும். கூடத்தில் அவளுக்கு மிகவும் பிடித்தது, ஈரப் பூக்களின் மணம் வீசும் ஒரு திரவம். அதன் நீண்ட பெயர் எவர் வாயிலும் நுழையாததால் பெண்கள் அதை ‘மழை’ என்று அழைத்தார்கள்.

இன்று அவளுக்கு ஒரே ஒரு வரி வேண்டும். கைப்புண் வேலையால் வந்தது என்று மருத்துவத் தாளில் எழுதிவிட்டால், அதே சம்பளத்தில் அட்டைப்பெட்டிப் பிரிவுக்கு மாற்றுவார்கள். எழுதாவிட்டால் வேலையே இல்லை. ஓய்வுபெற இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.

பக்கத்தில் அவள் தோழி குண்டூசி உட்கார்ந்திருந்தாள். அட்டைப்பெட்டிப் பிரிவில் ஒரு மணி நேர அனுமதி வாங்கிக்கொண்டு துணைக்கு வந்திருந்தாள்.

"உள்ள என்னடி கேப்பாங்க?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? நீ வாயைத் திறக்காம கையை மட்டும் நீட்டு."

"வாயைத் திறக்காம இருன்னு நீ சொல்ற! காலம்தான்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் குண்டூசி சுவரைப் பார்த்தாள். "இதே ரூம்தான் இல்ல? நம்மள முதுகைக் காட்டி உக்கார வெச்சது."

பதினேழு என்பது அவள் பெயரன்று. இருபது ஆண்டுகளுக்கு முன்பு இந்த அறையில் ஒட்டிக்கொண்ட எண். ‘மழை’ தோலுக்குத் தீங்கு செய்யுமா என்று ஆராய நூற்றிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதுகில் சிறு பட்டைகளில் திரவத்தைத் தொட்டு ஒட்டுவார்கள். மூன்று வாரங்கள் ஒட்டினார்கள்; இரண்டு வாரங்கள் விட்டார்கள்; பிறகு கடைசியாக ஒருமுறை ஒட்டினார்கள். அந்நாள்களில் தேநீரும் பிஸ்கட்டும் கிடைத்தன. மின்விசிறியின்கீழ் உட்காரக் கிடைத்தது. வெளிப்புறம் பார்த்த சன்னல் கிடைத்தது. மேற்பார்வையாளரே வந்து, "அம்மா, முதுகு நனையாமப் பாத்துக்குங்க" என்று மரியாதையாகச் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரர் என்ன சொன்னாரு தெரியுமா? ஸ்டாம்ப் எல்லாம் ஒட்டியாச்சே, எந்த ஊருக்கு உன்னை அனுப்பறாங்கன்னு கேட்டாரு," என்றாள் பதினேழக்கா. அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்றைய நாள்களில் அவள் வீட்டுக்குள் நுழையும் முன்பே, "மழை வருது, துணியை எடுங்க" என்று பிள்ளைகளிடம் கத்துவார்.

"கடைசிப் பட்டை எடுத்த மறுநாள் ஞாபகம் இருக்கா?" குண்டூசி குரலைத் தாழ்த்தினாள்.

ஞாபகம் இருந்தது. பெண்கள் கழிப்பறையில், அவள் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, குண்டூசி பின்னால் நின்று, "ஐயோ, தக்காளி மாதிரி செவந்திருக்குடி" என்றாள். அன்று பதினொரு பெண்களுக்குச் சிவந்திருந்தது. சோதிக்கப்படுவது திரவம் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. சிவந்தால் தாங்கள் தோற்றுவிட்டோம் என்றே நினைத்தார்கள். தோல் சரியில்லாதவள் என்று பட்டியலில் ஏறினால் வேலை போய்விடும் என்ற பயம். குண்டூசி பனிக்கட்டி கொண்டுவந்தாள். அழுத்தி, துடைத்து, முகப்பவுடரைப் பூசினார்கள். ஒருத்தி முதுகுக்கு ஒருத்தி பூசியபோது கூச்சத்தில் அத்தனை பேரும் நெளிந்து நெளிந்து சிரித்தார்கள்.

"பதினேழு!" உள்ளிருந்து குரல் வந்தது.

மேசைக்குப் பின்னால் ஆய்வக மேடம் இருந்தார். அன்று பட்டை ஒட்டிய சின்னப் பெண். இன்று பாதுகாப்புப் பிரிவின் தலைவி. தலை நரைத்திருந்தது. எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கக்கா. எப்படி இருக்கீங்க? உங்களை மறப்பேனா!"

பதினேழக்கா கைகளை நீட்டினாள். மேடம் அவற்றைத் தொடாமல் குனிந்து பார்த்தார். பிறகு மஞ்சள் கோப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார்.

"உங்க மனுவுல அந்த திரவத்தாலதான்னு எழுதியிருக்கீங்க. ஆனா நூத்திரண்டு பேர்ல ஒருத்தருக்குக்கூட ஒண்ணும் வரலக்கா. அதை வெச்சுத்தான் பாதுகாப்பானதுன்னு ஏத்துக்கிட்டாங்க. வீட்டுல என்ன சோப்பு போடுறீங்க?"

"வீட்டுல போடுறதும் இங்க செஞ்சதுதானே, மேடம்."

கோப்பில் அவளுடைய சம்மதத் தாள் இருந்தது. ‘எண் பதினேழு: எதிர்வினை இல்லை.’ கீழே நீல மையில் அவள் பெருவிரல் ரேகை. வளைந்து வளைந்து, ஒரு கோடுகூட அறுபடாமல் இருந்தது. பதினேழக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குச் செவந்துது, மேடம். பதினோரு பேருக்கு. ஐஸ் வெச்சுப் பவுடர் போட்டுக்கிட்டு வந்தோம். ஃபெயில் ஆயிடுவோம்னு பயம்."

மேடத்தின் பேனா நின்றது.

"நீங்ககூட மோந்து பாத்துட்டு, என்னக்கா, முதுகுக்கெல்லாமா பவுடர் போடுவாங்கன்னு சிரிச்சீங்க. அப்புறம் எல்லாரும் பாஸ்னு சொன்னீங்க."

வெளியே தள்ளுவண்டி ஒன்று கடகடத்துப் போய் மறைந்தது.

"எனக்கு அப்ப இருபத்திரண்டு வயசுக்கா," என்றார் மேடம். "ஒரு காலையில அறுபது முதுகு பாக்கணும்."

"அதான். இப்ப எழுதிடுங்க."

"எழுதினா அந்த நூத்திரண்டும் சரிஞ்சுடும். இருபது வருஷமா எத்தனை கம்பெனி இந்த ஒரு ஃபைலை நம்பி ஊத்துது தெரியுமா? முதல்ல உங்களைத்தான் கேப்பாங்க. நீங்கதான் மறைச்சீங்கன்னுவாங்க."

"நான் சொல்லிக்கிறேன், மேடம். மறைச்சேன்னு நானே சொல்றேன்."

மேடம் கோப்பை மூடி நாடாவைக் கட்டினார். பிறகு தாளில் மெதுவாக, அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘காரணம் வீட்டு உபயோகப் பொருள்களாக இருக்கலாம். பணிக்குத் தகுதியில்லை.’

"உடம்பைப் பாத்துக்குங்கக்கா," என்று தாளை நீட்டினார்.

வாசலில் கடைசி வருகையைப் பதியப் பெருவிரலை இயந்திரத்தில் வைக்கவேண்டும். பதினேழக்கா வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்தாள். பத்து முறையும் சிவப்பு.

"இந்த மிஷினுக்கு உங்களைத் தெரியலையேக்கா," என்று காவலாளி சிரித்தான். இயந்திரத்தின் கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைத்தான். "கை பிசுபிசுன்னு இருக்கும். கழுவிட்டு வாங்க. புது சோப்பு வெச்சிருக்காங்க, சூப்பரா மணக்குது."

பதினேழக்கா கை கழுவும் தொட்டிக்குப் போனாள். புட்டியை அழுத்தும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஈரப் பூக்களின் மணம். ‘மழை வருது’ என்று வீட்டுக்காரர் கத்தக் கேட்ட மணம். கண்களை மூடி ஒருமுறை இழுத்து முகர்ந்தாள். பிறகு குழாயைத் திறந்து, வெடித்த கைகளைத் தண்ணீரில் மட்டும் நெடுநேரம் காட்டிக்கொண்டு நின்றாள்.