தோர்-மோ பிரார்த்தனை

1931-ல் அந்தக் கடற்கரைப் பங்குக்கு இத்தாலியச் சாமியார் வரப்போகிறார் என்று கடுதாசி வந்ததும் கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் ததேயுஸுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. சாமியாரோடு பேசத் தெரியாத உபதேசியாரை யார் வைத்துக்கொள்வார்கள்? வேலை போனால் கோயில் கொடுத்த வீடும் போகும். மனைவி கிளாராவையும் நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது?

பழைய சாமியாரின் பெட்டியில் இத்தாலிய இலக்கணம் ஒன்று கிடந்தது. ததேயுஸ் முதலில் பிடித்தது ‘தூங்கு’ என்ற வினையை. நம் ‘தூங்குகிறேன், தூங்குகிறாய்’ மாதிரி அங்கேயும் தலை அப்படியே நிற்க, வால்தான் ஆளுக்கு ஆள் மாறியது. அசை பிரித்துச் சொன்னால் மனதில் நிற்கும் என்றது புத்தகம். வீட்டில் பிள்ளைகளின் கூச்சல். ஆகவே காலையில் கடற்கரையில் சிலுவை நாட்டியிருந்த குருசடி முன்னால் நின்று ராகம் போட்டு ஓதினார்.

“தோர்-மோ, தோர்-மி, தோர்-மே...”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று பின்னாலிருந்து பல குரல்கள் எழுந்தன.

திரும்பினால், கடலுக்குப் போன வள்ளங்களுக்காகக் காத்திருந்த பெண்கள் முழங்காலில் நிற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. புரியாத பாஷை என்றால் லத்தீன், லத்தீன் என்றால் செபம், உபதேசியார் நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து அப்படித்தான் பழக்கம். உண்மையைச் சொல்ல ததேயுஸுக்கு வெட்கம். அன்றைக்கென்று பார்த்து வலையில் சாளை மீன் குவிந்தது. அப்புறம் நிறுத்த யார் விட்டார்கள்?

சாமியார் வந்தார். கப்பலிலேயே தமிழ் படித்துவிட்டு வந்திருந்தார், புண்ணியவான். ‘நான் தூங்குகிறேன், நீ தூங்குகிறாய்’ என்பதற்கு நாற்பது பெண்கள் மண்டியிட்டு வேண்டிக்கொள்வதை மறுநாளே கேட்டார். முகம் சிவந்துவிட்டது.

“உபதேசியாரே, நாளை முதல் இது வேண்டாம். உமது வேலையைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை பேசுவோம்.”

ததேயுஸ் வீட்டுக்கு வந்து சொன்னார். கிளாரா அழுதுகொண்டே பாத்திரங்களை மூட்டை கட்டினாள்.

நாலு நாள் வலையில் ஒரு நெத்திலி விழவில்லை. சனிக்கிழமை பெண்கள் அந்தச் செபம் மறுபடி வேண்டும் என்று சாமியாரை வளைத்துக்கொண்டார்கள். அது செபமே இல்லை என்று அவர் தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தார். யாரும் நகர்கிற வழியாக இல்லை. ஆளை விட்டால் போதும் என்று அவரே குருசடிக்குப் போய், தாய்மொழியல்லவா, வாய் நிறைய மளமளவென்று ஓதினார்.

“தோர்மோ, தோர்மி, தோர்மே!”

பெண்கள் பதில் சொல்லவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சாமிக்கு அது சரியா வரல்ல கேட்டியளா” என்றாள் மீன்காரி ஞானசெல்வி, மெய்யான இரக்கத்தோடு. “நம்ம உபதேசியார விளியுங்கோ. அவருதான் திருத்தமாச் சொல்லுவாரு.”

சாமியார் ததேயுஸுக்கு ஆள் அனுப்பினார்.

கிளாரா மூட்டையை அவிழ்த்து உலை வைத்தாள்.